ஆள் வேண்டும்போது எடுத்துக்கொண்டால் போதாதா?

கேள்வி: எந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவின் துணை மேலாளராக இருக்கிறேன். மொத்தம் 240 பேர், மூன்று ஷிப்ட். கடந்த ஆண்டு மெயின்டனன்ஸ் பிரிவில் மூத்த டெக்னீஷியன்கள் இரண்டு பேர் மூன்று மாத இடைவெளியில் ஓய்வு பெற்றார்கள். அதே சமயம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. அவசர அவசரமாக 40 பேரை எடுத்தோம். அவர்களில் 15 பேர் ஆறு மாதத்துக்குள் போய்விட்டார்கள். ஆண்டு முழுவதும் வெளியேறியவர்கள் 30 பேர். அதில் 22 பேர் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். (அந்த ஆண்டு புதியவர்கள் என்ற கணக்கில் இருந்தவர்கள் மொத்தமே 55 பேர்தான்.) இந்த ஆண்டாவது முறையாகப் பணியாளர் திட்டமிடல் செய்யலாம் என்று எங்கள் எம்.டி.யிடம் சொன்னேன். “ஆறு மாசம் கழிச்சு ஆர்டர் வருமான்னு எனக்கே தெரியாது. மூணு வருஷத்துக்கு ஆள் கணக்குப் போட்டு என்ன செய்யப்போறோம்? தேவைப்படும்போது விளம்பரம் கொடுங்க, ஆள் வருவாங்க” என்கிறார். தொழிற்சங்கச் செயலாளரோ இது ஆட்குறைப்புக்கான முன்னேற்பாடு என்று சந்தேகப்படுகிறார். பாடப்புத்தகத்தில் படித்ததை நம்பி நான் வீணாக வாதாடுகிறேனா? இதற்கென்று மென்பொருள் ஏதாவது வாங்க வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் எம்.டி. சொல்வதில் பாதி சரி. அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் மீதிப் பாதி அவர் காதில் ஏறாது. ஆறு மாதம் கழித்து என்ன ஆர்டர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாதுதான். 1960-களில் பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கணித மாதிரிகளை வைத்துக்கொண்டு பல வருடங்களுக்கான ஆள் தேவையைக் கணித்து வைத்தன. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. வளர்ச்சி இப்படியே போகும் என்று நம்பிப் போட்ட கணக்குகள் பலவும் கவிழ்ந்தன. அதற்குப் பிறகு இந்தத் துறைக்கே கொஞ்ச காலம் மரியாதை குறைந்திருந்தது. ஆகவே அவருடைய அவநம்பிக்கைக்கு முன்னுதாரணம் இருக்கிறது.

ஆனால் ஆள் கணக்குக்கு இரண்டு பக்கம் உண்டு. எவ்வளவு வேலை வரும் என்பது ஒரு பக்கம். வருகிற வேலையைச் செய்ய யார் இருப்பார்கள் என்பது மறுபக்கம். எம்.டி. பேசுவது முதல் பக்கத்தை மட்டும். அது ஊகம். மறுபக்கத்தில் ஊகிக்க வேண்டியது மிகக் குறைவு. எல்லோருடைய பிறந்த தேதியும் உங்கள் பீரோவில் இருக்கிறது. ஓய்வு பெற்ற அந்த இரண்டு டெக்னீஷியன்களும் எந்த மாதம் போவார்கள் என்பது அவர்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே தெரிந்த செய்தி. பல வருடம் முன்னறிவிப்போடு வந்த ஒன்று உங்களுக்கு அவசர நிலையாக மாறியிருக்கிறது. சந்தைமீது பழி போட இதில் எதுவும் இல்லை.

இந்த மறுபக்கத்தைப் பார்க்கத் தவறினால் எவ்வளவு பெரிய அமைப்பும் மாட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து இதற்கு மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள். 1981 ஆகஸ்ட் 3 அன்று அவர்களில் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று கெடு வைத்த அதிபர் ரீகன், திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக நீக்கினார். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது அடுத்து நடந்தது. காலியான நாற்காலிகளை நிரப்ப அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்களை மொத்தமாக எடுத்தார்கள். அந்த வேலையில் 31 வயதுக்குள் சேர வேண்டும், 56 வயதில் கட்டாய ஓய்வு, 25 வருடம் முடித்தவர் எந்த வயதிலும் ஓய்வு பெறலாம். இப்போது நீங்களே கூட்டிப் பாருங்கள். ஒரே சமயத்தில் உள்ளே வந்த கூட்டம், 2000-களின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வெளியே போகத் தொடங்கும். இதற்கு ஜோசியம் தேவையில்லை. 1982-லேயே யாராவது ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாம்.

2002-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இதைச் சுட்டிக்காட்டி எச்சரித்தது. 2004 இறுதியில்தான் கட்டுப்பாட்டாளர்களுக்கான பத்தாண்டு ஆள் திட்டம் வெளிவந்தது. இவ்வளவு தாமதம் ஏன் வலித்தது என்றால், அந்த வேலைக்கு ஒருவரை எடுத்துவிட்டால் மட்டும் ஆகிவிடாது. அவர் முழுத் தகுதி பெற்றுத் தனியாக உட்கார பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் ஆகும். இன்றைக்குக் காலியாகும் நாற்காலிக்கான ஆளை மூன்று வருடத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். 2013-ல் பட்ஜெட் வெட்டினால் அவர்களுடைய பயிற்சிக் கழகம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2020-ல் பெருந்தொற்றால் மறுபடியும் மூடப்பட்டது. மூடிய ஆண்டில் ஒன்றும் ஆகிவிடவில்லை, விமானங்கள் பறந்தன. அந்தக் காலியிடம் சில வருடம் கழித்து, மிகைநேர வேலையாகவும் விமானத் தாமதமாகவும் வேறு யாரோ ஒருவர் தலையில் விழுந்தது. ஆள் எடுப்பை நிறுத்துகிறவரும் அதன் விலையைக் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். எல்லா நிறுவனங்களிலும் இதுதான் கதை.

ஆகவே நீங்கள் எம்.டி.யிடம் கொண்டுபோக வேண்டிய கேள்வி, “மூன்று வருடம் கழித்து நமக்கு எத்தனை பேர் வேண்டும்?” என்பதல்ல. அதற்கு அவர் கைவிரிப்பார், கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: “இந்த நாற்காலி காலியானால், அடுத்தவர் அதில் தனியாக உட்கார எத்தனை மாதம் ஆகும்? காலியாகப் போகிறது என்பது நமக்கு எத்தனை மாதம் முன்னால் தெரியும்?” முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கிற இடத்தில் திட்டம் இல்லாமல் முடியாது. சிறிதாக இருக்கிற இடத்தில் அவர் சொல்வதே சரி, விளம்பரம் கொடுத்தால் போதும். பணியாளர் திட்டமிடல் ஏன் முக்கியம் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். மற்றதெல்லாம் செய்முறை.

ஒரு வேலையை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். ஹீட் ட்ரீட்மென்ட் உலையை (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் உலை) தனியாக இயக்கும் ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எடுக்க அனுமதிக் கோப்பு மேசை மேசையாகப் போய் வர ஒன்றரை மாதம். விளம்பரம், நேர்காணல், ஆஃபர் என்று இன்னொரு ஒன்றரை மாதம். தேர்வானவர் பழைய இடத்தில் நோட்டீஸ் பீரியட் முடித்து வர இரண்டு மாதம். வந்தவருக்கு உலையின் குணம் பிடிபட்டு, மேற்பார்வை இல்லாமல் ஒரு ஷிப்டை நடத்த ஒன்பது மாதம். ஆக 14 மாதம். ராஜினாமா செய்கிறவர் உங்களுக்குத் தருவது ஒரு மாத அவகாசம். நடுவில் இருக்கும் 13 மாதத்தையும் யாரோ ஓவர்டைம் பார்த்து ஓட்ட வேண்டும், அல்லது உலை சும்மா நிற்க வேண்டும், அல்லது சரக்கு ரிஜெக்ட் ஆக வேண்டும். இந்த எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் எண்களை உற்பத்தி மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த 14 மாதத்தில் எம்.டி.யின் கையில் நேரடியாக இருப்பது முதல் ஒன்றரை மாதம். அதைப் பத்து நாளாகக் குறைக்க அவருக்கு ஒரு பைசா செலவில்லை. முதல் கூட்டத்தில் அதை மட்டும் வாங்கி வந்தாலும் லாபம்.

இந்த வடிகட்டியைப் போட்டால் 240 பேருக்கும் திட்டம் தேவைப்படாது என்பது தெரிந்துவிடும். உங்கள் அளவுள்ள தொழிற்சாலையில் உண்மையில் கவலைப்பட வேண்டியவை ஆறேழு வகை வேலைகள், முப்பது சொச்சம் பேர் என்று இருக்கும். மெயின்டனன்ஸ், உலை, சிஎன்சி (கணினி வழி இயங்கும் எந்திரங்கள்) புரோகிராமிங், டூல் ரூம், தர ஆய்வில் ஓரிருவர். பதவிப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். சம்பளப் பட்டியலின் நடுவில் எங்கோ இருக்கிற ஒருவர் லீவு போட்டால் ஒரு லைன் முழுவதும் நிற்கும். மேலாளர் ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது. (பின்னதை அந்தக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம்.) பணியாளர் திட்டமிடலுக்கென்றே சர்வதேசத் தர அமைப்பு 2016-ல் ஐஎஸ்ஓ 30409 என்று ஒரு வழிகாட்டித் தரத்தை வெளியிட்டது. படிக்கலாம், நல்லது. ஆனால் அதை முன்னால் வைத்துக்கொண்டு முதல் வருடமே முழு நிறுவனத்துக்கும் திட்டம் போட இறங்கினால், மார்ச்சில் தொடங்கியது டிசம்பரில் ஒரு கனத்த கோப்பாக முடியும். அதை யாரும் திறக்கமாட்டார்கள்.

மீதியுள்ள இருநூறு பேருக்கு நாற்காலிக் கணக்கு போதும். ஆனால் அந்தக் கணக்கே பல இடங்களில் தப்பாக இருக்கிறது. ஒரு எந்திரம் வாரம் முழுவதும் இரவும் பகலும் ஓடுகிறது என்றால் 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்வதாக வைத்தால் மூன்றரைப் பேர். பட்ஜெட்டில் பெரும்பாலும் இந்த மூன்றரைதான் இருக்கும், சில இடங்களில் மூன்று ஷிப்ட், மூன்று பேர் என்றே எழுதியிருப்பார்கள். லீவை யாரும் கழிப்பதில்லை. வருடத்துக்கு 365 நாளில் வார ஓய்வு 52 போனால் 313. விடுப்பு, பண்டிகை விடுமுறை, உடம்புக்கு முடியாமல் போவது, பயிற்சி எல்லாம் சேர்த்து 35 நாள் என்று குறைவாகவே வைப்போம். மிச்சம் 278. ஒரு நாற்காலிக்கு வருடத்தில் 1,095 ஷிப்ட். வகுத்தால் 3.94. ஆக ஒரு நாற்காலிக்கு நான்கு பேர். அப்படிப் பத்து நாற்காலிகள் இருந்து, பட்ஜெட் 35 பேருக்கு மட்டும் இருந்தால், முதல் நாளிலிருந்தே நான்கைந்து பேர் குறைவு. யாரும் ராஜினாமா செய்யவில்லை, ஆர்டர் கூடவில்லை, ஆனாலும் ஆள் பற்றாக்குறை. அப்புறம் “ஆட்கள் அடிக்கடி லீவு போடுகிறார்கள்” என்று அவர்கள்மேலேயே குறை சொல்வோம்.

லீவுக் கணக்கைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2017 செப்டம்பரில் ஐரோப்பாவின் ரையன்ஏர் விமான நிறுவனம் ஆறு வாரங்களுக்குத் தினமும் 40 முதல் 50 விமானங்களை ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. விமானிகளின் விடுப்பு ஆண்டை ஏப்ரல்-மார்ச் என்பதிலிருந்து ஜனவரி-டிசம்பர் ஆக மாற்றும்போது, அந்த வருடத்துக்கான விடுப்பைக் குறைந்த மாதங்களுக்குள் கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது. கொடுக்கும் வரிசையில் பிழை. அதே மாத இறுதியில் குளிர்காலச் சேவைகளையும் வெட்ட வேண்டி வந்தது. லட்சக்கணக்கான பயணிகளின் திட்டம் குலைந்தது. நிறுவனம் தன் கணக்கில்தான் பிழை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. மாற்றம் எந்தத் தேதியில் வருகிறது என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம் என்பதைக் கவனியுங்கள். இதையும் எம்.டி.யிடம் சொல்லலாம். வியாபாரிகளுக்கு இன்னொரு வியாபாரியின் நஷ்டம் சட்டென்று புரியும்.

அவர் அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: “ஓவர்டைம் கொடுத்துச் சமாளிச்சுக்கலாமே!” கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கலாம். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் சேகரித்த பதிவுகளைப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவல் மறுபடி எடுத்து ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தவர்களின் மொத்த உற்பத்தி, 56 மணி நேரம் உழைத்தவர்களுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. மேலே போட்ட 14 மணி நேரமும் ஏறக்குறைய வீண். இன்றைய எந்திரங்கள் வேறு, வேலை வேறு. ஆனால் மனித முதுகு அதேதான். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ கூலி கொடுத்து, கிடைப்பது வழக்கமான ஒரு மணி நேரத்தைவிடக் குறைவான விளைச்சல் என்றால் அதை மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

மெயின்டனன்ஸ் பிரிவில் இது இன்னும் மோசம். காரணம் வேறு. அங்கே ஆட்கள் “சும்மா உட்கார்ந்திருப்பது” கண்ணை உறுத்தும். எல்லோரும் எந்நேரமும் வேலையாக இருக்க வேண்டும் என்று நிர்வாகம் நினைக்கும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தோடு தொடர்புடைய டென்மார்க் கணித அறிஞர் ஏ.கே. எர்லாங், அழைப்புகள் எப்போது எத்தனை வரும், எத்தனை இணைப்புகள் இருந்தால் போதும் என்ற சிக்கலை எடுத்துக்கொண்டு 1909-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற துறையே வளர்ந்தது. அதன் மிக எளிய மாதிரியில், ஒரே ஒருவர் பழுது பார்க்கிறார், பழுதுகள் நேரம் காலம் பார்க்காமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் ஏறி இறங்குகிறது என்று வைத்தால், அவர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையாக இருக்கும்போது ஒரு பழுது காத்திருக்கும் சராசரி நேரம் அதைச் சரிசெய்யும் நேரத்தைப் போல நான்கு மடங்கு. 90 சதவீதத்தில் ஒன்பது மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. அரை மணி நேரத்தில் முடியும் வேலைக்கு எந்திரம் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். பல பேர் சேர்ந்து பார்த்தால் எண்கள் இவ்வளவு கொடூரமாக இருக்காது, ஆனால் போகும் திசை அதேதான். இரண்டு மூத்தவர்கள் போன பிறகு மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக உழைத்தார்கள், அவ்வளவுதானே என்று எம்.டி. நினைப்பார். எந்திரங்கள் நின்ற நேரம் எவ்வளவு கூடியது என்று உற்பத்திப் பதிவேட்டில் பாருங்கள். உங்கள் வாதத்துக்கு அந்த ஒரு எண்ணைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் வெளியேற்றக் கணக்கு. 240-ல் 30 பேர் என்றால் 12.5 சதவீதம். ஆண்டறிக்கையில் போட்டால் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். அதையே பிரித்துப் போடுங்கள். ஒரு வருடம் ஆகாத 55 பேரில் 22 பேர் போயிருக்கிறார்கள்: 40 சதவீதம். மீதி 185 பேரில் போனவர்கள் எட்டே பேர்: நான்கு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் நிறுவனத்தை விட்டு யாரும் அவ்வளவாகப் போவதில்லை. உள்ளே வந்த வேகத்தில் கதவிலேயே திரும்புகிறார்கள். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. லண்டனின் டேவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1950-லேயே, சேர்ந்த புதிதில் வரும் இந்த வெளியேற்றத்தைத் தனி ஒரு நெருக்கடியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் சில மாதங்களைத் தாண்டிவிட்டவர் தங்கிவிடுகிறார். சராசரியை வைத்துத் திட்டம் போட்டால் 40 பேர் வேண்டும் என்பதற்கு 45 பேரை எடுப்பீர்கள், ஆறு மாதத்தில் 28 பேரோடு நிற்பீர்கள். மறுபடி விளம்பரம். அவசரத்தில் எடுத்த 40 பேரில் 15 பேர் போனதற்கு அந்த அவசரமே ஒரு காரணமாக இருக்கலாம்: யார் வந்து கேட்டாலும் எடுத்தோம், வேலை இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல நேரமில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டிய மூத்தவர்கள் ஓவர்டைமில் இருந்தார்கள். அந்த 15 பேரில் நான்கைந்து பேரையாவது தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். விலகும்போது படிவத்தில் எழுதியதை நம்பாதீர்கள். எல்லோரும் “சொந்தக் காரணம்” என்றுதான் எழுதியிருப்பார்கள்.

“ஆர்டர் வருமா என்று தெரியாது” என்ற வாதத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அவர் திரும்பத் திரும்ப அங்கேதான் வருவார். தெரியாது என்பதையே திட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி வரையுங்கள். ஆர்டர் இருபது சதவீதம் கூடினால், இப்படியே இருந்தால், இருபது சதவீதம் குறைந்தால். ஒவ்வொன்றுக்கும் அந்த ஆறேழு வேலைகளில் என்ன தேவைப்படும் என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் மூன்று பத்தியிலும் பொதுவாக வருவது எது என்று பாருங்கள். மெயின்டனன்ஸில் அடுத்த இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவருக்கு மாற்று ஆள் வேண்டும் என்பது மூன்றிலும் இருக்கும். ஆர்டர் குறைந்தாலும் உலை உலைதான், அதைப் பார்க்க ஆள் வேண்டும். அதை இப்போதே செய்யலாம், வருத்தப்பட வாய்ப்பில்லை. ஒரு பத்தியில் மட்டும் வருவதற்கு இப்போது காசு செலவழிக்கக் கூடாது. என்ன நடந்தால் தொடங்குவோம் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைக்கலாம். உதாரணமாக, இந்த அளவுக்கு மேல் உறுதியான ஆர்டர் கைக்கு வந்த அன்றே அப்ரண்டிஸ் எடுப்பைத் தொடங்குவது, அதற்கான அனுமதியை இன்றே வாங்கி வைப்பது. எம்.டி. எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

ஓய்வு பெறப்போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியல் எடுத்ததும் அவர்களை இன்னும் சில மாதத்தில் கழியப்போகிற சரக்கைப் போல நடத்தும் வழக்கம் உண்டு. செய்யாதீர்கள். போய்ப் பேசுங்கள். கடைசி ஒன்றரை வருடத்தில் அவருடைய வேலை நேரத்தில் ஒரு பகுதியைச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே எழுத்தில் ஒதுக்கி, அதற்கேற்ப அவருடைய மற்ற வேலையைக் குறைத்தால்தான் அது நடக்கும். “வேலையோடு வேலையாகச் சொல்லிக்கொடுங்கள்” என்றால் நடக்காது. ஓய்வுக்குப் பிறகு ஆலோசகராகக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பார்கள். ஆறு மாதத்துக்குச் சரி. மூன்றாவது வருடமும் அவரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தால், தேதியைத் தள்ளிப் போட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்று அர்த்தம்.

சங்கச் செயலாளரின் சந்தேகத்தைத் தள்ளிவிடாதீர்கள். எந்த ஆள் கணக்கையும் குறைக்கவும் பயன்படுத்தலாம். அவர் அனுபவத்தில் பேசுகிறார். ஆள் அதிகமாகிவிடும் இடங்களும் உண்டுதான். நார்த்கோட் பார்க்கின்சன் 1955-ல் எழுதிய பிரபலமான கிண்டல் கட்டுரையில் ஒரு கணக்கு வரும். 1914-க்கும் 1928-க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 62-லிருந்து 20 ஆகக் குறைந்தன. தலைமை அலுவலக அதிகாரிகளோ 2,000-லிருந்து 3,569 ஆக உயர்ந்தார்கள். உங்கள் அட்டவணையிலும் அப்படி ஏதாவது தெரியக்கூடும், அனேகமாகத் தொழிலாளர் பக்கத்தில் அல்ல. எங்கே ஆள் கூடுதல் என்பது இரண்டு வருடம் முன்பே தெரிந்தால், ஓய்வு பெறுகிறவரின் இடத்தை நிரப்பாமல் விடலாம், மற்றவர்களுக்கு வேறு பிரிவில் பயிற்சி கொடுக்கலாம். ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பும் கடிதம் ஒன்றுதான் வழி. இதைச் செயலாளரிடம் நேராகச் சொல்லுங்கள். முடிந்தால் எம்.டி.யிடமிருந்து ஓர் உறுதியும் வாங்குங்கள்: இந்தக் கணக்கை வைத்து இருக்கிற யாரையும் அனுப்புவதில்லை, குறைக்க வேண்டி வந்தால் காலியிடத்தை நிரப்பாமல்தான் குறைப்போம் என்று. அப்படி உறுதி தர எம்.டி. தயாரில்லை என்றால், செயலாளர் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் எதையும் பூசி மெழுகாதீர்கள்.

மென்பொருள் வாங்க வேண்டாம். 240 பேருக்கு எக்செல் தாராளம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உற்பத்தி மேலாளர், நிதி, நீங்கள் மூவரும் அதைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நிதிப் பிரிவு இல்லாமல் நடத்தாதீர்கள்; பட்ஜெட்டில் ஏறாத ஆள் கணக்கு ஆசை மட்டுமே. முதல் முறை மெயின்டனன்ஸ் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, மேற்பார்வை இல்லாமல் இயக்கத் தெரிந்த எந்திரங்கள் என்று மூன்று பத்தி. முதல் இரண்டும் உங்களிடம் இருக்கும். மூன்றாவது பத்தி மனிதவளப் பிரிவின் எந்தக் கோப்பிலும் இருக்காது. அதற்கு நீங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர்களிடம்தான் போக வேண்டும். இரவு ஷிப்டில் போய்க் கேளுங்கள். யாருக்கு உண்மையிலேயே என்ன தெரியும் என்பது பகலில் இருப்பவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.